சங்ககிரியில் தைத்த ஆண் பாவாடை

என் கணவர் பாவாடை கட்டுகிறார். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும். அவரோடு எந்த ஊருக்குப் போனாலும் பேச்சு அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

பாவாடை என்பது ஊர் வைத்த பெயர். மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் என் தையல் கடை வாசலில் நான் எழுதி வைத்திருப்பது ‘ஆண்கள் கில்ட்’. ஸ்காட்லாந்துக்காரர்கள் முழங்கால் வரைக்கும், பின்பக்கம் முழுக்க மடிப்பு வைத்துக் கட்டுவார்களே, அதைப் பார்த்துத் தைத்தது. இரண்டு பக்கமும் ஆழமான பை உண்டு. இடுப்பில் நான்கு பட்டன். ஓடினாலும் குனிந்தாலும் அவிழாது. முப்பது வருடம் கத்திரி பிடித்த கை தைத்தது, குறை சொல்ல வருகிறவர்கள் கடைக்கு நேரில் வரலாம்.

என் கணவர் சேகரன் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். ஒரு நாள் வழியில் வண்டி கொதித்து நின்றது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். கொதிநீர் இரண்டு தொடைகளையும் வேகவைத்துவிட்டது. வேறு இடத்திலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். அதற்குப் பிறகு காற்சட்டை போட்டால் உரசி உரசிப் புண்ணாகும். கைலி கட்டினால் நடக்கும்போது கால்களுக்கு இடையில் சிக்கும். அதோடு எங்கள் ஊரில் கைலி வீட்டு உடுப்பு. அதைக் கட்டிக்கொண்டு பேரங்காடிக்குப் போகிற ஆளைப் பார்த்தால் உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்பார்கள். அதனால் மனிதர் ஒரு வருடம் வீட்டை விட்டே வெளியே வரவில்லை.

ஒருநாள் எரிச்சல் தாங்காமல் கட்டிலில் கிடந்த கட்டம் போட்ட போர்வையை உருவி வெட்டி முதல் கில்ட்டைத் தைத்தேன். கனமான பருத்தி. மடிப்பு விரிந்து நிற்கும், தோலைத் தொடாது. மறுநாள் காலையில் சேகரன் அதைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய் வாங்கப் போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

வேறு துணிகளில் தைத்துப் பார்த்தேன். மெல்லியது ஒட்டியது, கெட்டியானது குத்தியது. அந்தப் போர்வைத் துணிதான் சரி. போர்வைக் கடைக்காரரோ அதை வரவழைப்பதை நிறுத்திவிட்டார். சேகரனிடம் இருந்தவை இரண்டே இரண்டு கில்ட், இரண்டும் நைந்துகொண்டிருந்தன. போர்வை ஓரத்தில் தைத்திருந்த சின்னச் சீட்டில் தறிக்காரர் ஊர் இருந்தது. திருச்செங்கோட்டுக்குப் பக்கம். நேரில் போய் நெய்யச் சொல்வது என்று கிளம்பினோம். கையில் நான்கு நாள். நாலாம் நாள் காலையில் திரும்ப வேண்டும்.

சேலம் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. சின்னப் பையன்கள் எல்லோரும் பேண்ட்தான். நாற்பதைத் தாண்டிய ஆண்களில் பாதிப் பேர் லுங்கியையும் வேட்டியையும் முழங்காலுக்கு மடித்துக் கட்டிக்கொண்டு, அதே உடுப்பில் வங்கிக்கும் மருந்துக் கடைக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். “பார்த்தீங்களா, இது உங்க ஊரு” என்று சேகரனிடம் சொன்னேன். அவர் ஒரு மாதிரி சிரித்தார்.

அவர்கள் மடிப்பது பார்க்க அழகாக இருந்தது. குதிகாலால் கரையை ஒரு தட்டு, கைக்கு வந்ததைத் தூக்கி இடுப்பில் ஒரு செருகல். பேசிக்கொண்டே மடிக்கிறார்கள், பேசிக்கொண்டே இறக்கி விடுகிறார்கள். எப்போது மடிக்கிறார்கள், எப்போது இறக்குகிறார்கள் என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. என் அப்பா வேட்டி கட்டி நான் பார்த்ததில்லை, தோட்ட வேலையிலும் அரைக்கால் சட்டைதான் போடுவார். வெயிலைப் பொறுத்து மடித்து இறக்குகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புக்குத்தான் பிறகு படாதபாடு பட்டேன்.

தள்ளுவண்டியில் தட்டுவடை செட் சாப்பிட்டோம். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட், கேரட் துருவலும் காரச் சட்னியும் வைத்துத் தருகிறார்கள். வாயை எவ்வளவு திறந்தாலும் பாதி சட்டையில்தான் விழும். எங்கள் ஊரில் காரம் நாக்கில் ஆரம்பிக்கும். இங்கே நேராகக் காதுக்குப் போகிறது. இன்னொன்று வாங்கினேன்.

திருச்செங்கோட்டுப் பேருந்தில் சேகரன் வழக்கம்போல ஓட்டுநருக்குப் பின் இருக்கையைப் பிடித்தார். ஒவ்வொரு கியருக்கும் அவர் இடது கையும் தொடையில் அசைந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, கூடையில் கோழிக்குஞ்சு வைத்திருந்தவர், கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ஏனுங்க, அண்ணன் எந்தூருங்க?”

“மலேசியாங்க.”

“அங்கெல்லாம் ஆம்பளைங்க இப்படித்தான் கட்டறதுங்களா?”

“இவரு மட்டும்தான்.”

“வேட்டியே கட்டிக்கலாமுங்களே.”

அந்த மூன்று நாளில் இந்தக் கேள்வியைப் பதினோரு பேர் கேட்டார்கள். பையைக் காட்டினேன், பட்டனைக் காட்டினேன். அந்த அம்மா சேகரனின் பைக்குள் கையை விட்டு ஆழம் பார்த்துவிட்டு, “இது சௌரியந்தானுங்க” என்று ஒப்புக்கொண்டார். குஞ்சு ஒன்றைப் பைக்குள் இறக்கிப் பார்க்கலாமா என்று அவர் யோசித்த மாதிரி எனக்குத் தோன்றியது.

தறிக்கூடம் ஊருக்கு வெளியே சோளக்காட்டை ஒட்டி இருந்தது. பன்னிரண்டு விசைத்தறிகள். உள்ளே நுழைந்தால் கத்தினால்தான் நம் குரல் நமக்கே கேட்கும். பார்த்துக்கொள்வது செல்வி, வீட்டு மருமகள். அவள் கணவர் போர்வெல் வண்டியோடு வடக்கே போய்விட்டு விசேஷத்துக்குத்தான் வருவாராம். போர்வைத் துண்டைக் காட்டியதும் அவள் முகம் மலர்ந்தது. “நம்ம தறியில ஓட்டுனதுங்க அக்கா. இப்பக்கூட ஓட்டலாமுங்க. மாமாகிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும். அவரு சொன்னாத்தான் தறியில பாவு நூல் பூட்டுவாங்க.”

தறியில் நின்ற வடநாட்டு இளைஞன் சேகரனைப் பார்த்து ஏதோ சொன்னான். செல்வி சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள். “பட்டாளத்துல ஊதுகுழல் வாசிக்கறவங்க இப்படித்தான் போட்டுட்டு வருவாங்களாம். அண்ணன் வாத்தியம் எங்க வெச்சிருக்காருன்னு கேக்கறானுங்க.” சேகரன் இரண்டு கன்னத்தையும் உப்பிக் காட்டினார். அவ்வளவு நல்ல மனநிலையில் இருந்தார்.

அப்போதுதான் செல்வியின் மாமனார் கருப்பண்ணன் உள்ளே வந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, வெள்ளை வேட்டி கணுக்கால் வரை. சேகரன் இரண்டு கையையும் பைக்குள் விட்டபடி தறியின் ஓட்டத்தை ரசித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார். பெரியவர் அவரை மேலிருந்து கீழே பார்த்தார். முழங்காலில் வந்து பார்வை நின்றது. கொஞ்சம் காத்திருந்தார். எதற்குக் காத்திருக்கிறார் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

“நூல் இல்லீங்க அம்மிணி” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் நின்ற இடத்துக்குப் பின்னால் சுவர் உயரத்துக்கு நூல் அடுக்கியிருந்தது.

சேலத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் நான் பொரிந்து தள்ளினேன். சேகரன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். “என்னைப் பார்த்துத்தான் மாட்டேன்னாரு” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவரை இழுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். கூடத்துக்கு எதிரில் இருந்த டீக்கடையைத் தாண்டி அவர் வரவில்லை. “நீ போயிட்டு வா லா” என்றார், எங்கள் ஊர் ‘லா’வோடு. நான் மட்டும் உள்ளே போனேன். செல்வி என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய்ப் பாய் விரித்து உட்காரவைத்து, சொம்பில் மோர் கொடுத்தாள். குடித்து முடித்த சொம்பை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

“தப்பா நெனச்சுக்காதீங்க அக்கா. நேத்து மாமா வந்தப்ப அண்ணன் மடிச்சுக் கட்டிட்டே நின்னாருங்களே. அதானுங்க.”

“மடிச்சுக் கட்டல செல்வி. தைச்சதே அவ்வளவுதான்.”

“எனக்குத் தெரியுதுங்க. மாமாவுக்குக் கண்ணுல புரை. அவருக்குத் தெரிஞ்சது மடிச்சுக் கட்டுன லுங்கி. பெரியவங்க வந்தா எறக்கி உடோணுமுங்க. எறக்கி உடாம, பையில கைய வெச்சுட்டு நின்னா, நீ எனக்கு ஒரு ஆளான்னு கேக்கற மாதிரிங்க.”

எனக்கு அப்போதுதான் பேருந்து நிலையத்தில் பார்த்த மடிப்பும் இறக்கமும் புரிந்தன. வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வேலைக்கு மடிப்பது, மரியாதைக்கு இறக்குவது. இந்த ஊர்ப்பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம், கடல் தாண்டி வந்த தையல்காரிக்குத் தெரியவில்லை.

“நீ எடுத்துச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னனுங்க. எறக்கவே முடியாத துணிய ஒருத்தன் எதுக்குக் கட்டோணும்னு கேட்டாருங்க.”

முப்பது வருடத் தொழிலில் என் தையலைப் பற்றி யாரும் கேட்காத கேள்வி. பதில் சேகரனின் தொடையில் இருந்தது, அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவர் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். கோபம் மட்டும் நிறைய இருந்தது.

மறுநாள் மோகனூரில் கருப்பண்ணனின் மகள் வயிற்றுப் பேரனுக்குக் காதுகுத்து. பெரியவர் விடியற்காலையிலேயே கிளம்பிப் போய்விட்டாராம், திரும்பப் பத்து நாளாகும். “நீங்களும் வந்துருங்க அக்கா. அண்ணனையும் கூட்டிட்டு வாங்க. விசேஷ ஊட்டுல வெச்சு அவரு யாருக்கும் இல்லைன்னு சொல்ல மாட்டாரு. ஆனா…” என்று நிறுத்தினாள். அந்த ‘ஆனா’ சேகரனின் முழங்காலுக்குத்தான் போகும் என்று எனக்குத் தெரியும்.

டீக்கடைக்கு வந்தால் சேகரன் பெஞ்சில் உட்கார்ந்து, என் துணிப்பையை மடியில் பரப்பி முழங்காலை மறைத்து வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டார்.

“நாளைக்கு நான் ரூம்லயே இருக்கேன். நீ போய்ப் பேசு.”

அது எனக்குத் தெரிந்த குரல். ஒரு வருடம் எங்கள் வீட்டு நாற்காலியிலிருந்து வந்த குரல். துணி கிடைக்காமல் போனால்கூட வேறு எங்காவது அலைந்து தேடியிருப்பேன். இந்த மனிதர் மறுபடி அந்த நாற்காலிக்குப் போய்விட்டால் எங்கே போய்த் தேடுவேன்? சேலம் பேருந்தில் அவரை முன்னால் ஏற்றிவிட்டுத்தான் நான் ஏறினேன்.

சங்ககிரிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி ஒரு முனகல் முனகி, புகைந்து நின்றது. எல்லோரும் இறங்கி வேப்பமர நிழலுக்குப் போனார்கள். பக்கத்திலேயே கம்மங்கூழ் வண்டி. நானும் ஒரு சொம்பு வாங்கினேன். மோர்மிளகாயைக் கடித்துவிட்டு நிமிர்ந்தால், சேகரன் வண்டியின் முன்பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்.

ஓட்டுநர் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கையை வைத்திருந்தார். சேகரன் அந்த மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“பத்து நிமிஷம் பொறுங்க தம்பி.”

“ஏற்கெனவே லேட்டுங்ணா. துணி சுத்தித்தான் தெறக்கறேன்.”

“நானும் துணி சுத்தித்தான் திறந்தேன்.”

அதோடு சேகரன் கில்ட்டின் கரையை முழங்காலுக்கு மேல் ஒரு சாண் தூக்கிக் காட்டினார். ஓட்டுநர் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்து அந்தத் தழும்பை மருத்துவரையும் என்னையும் தவிர அவர் யாருக்கும் காட்டியதில்லை. எங்கள் மகனுக்குக்கூட.

பிறகு இரண்டு பேரும் கூழ் குடித்துக்கொண்டு இஞ்சினைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். சொந்தக்காரர்கள் போல இருந்தது. பத்து நிமிடம் அரைமணி ஆயிற்று. வேறு வண்டி வரும் என்றார் நடத்துநர். எந்த வண்டி, எப்போது வரும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

சாலைக்கு எதிரில் லாரிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவில் ஒரு கொட்டகை, வாசலில் பச்சைத் தார்ப்பாய் மலை மாதிரி குவிந்திருந்தது. உள்ளேயிருந்து தையல் எந்திரச் சத்தம் வந்தது. கனத்த எந்திரம், கனத்த ஊசி. சத்தத்திலேயே எனக்குத் தெரியும். கால் தானாக அந்தப் பக்கம் போயிற்று.

லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் அந்தோணியின் கடை அது. சேலம் டவுன்காரர், ஐம்பது வயது, லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். என் கணவர் கில்ட்டை ஏதாவது செய்து பார்க்க வேண்டும், ஒரு மணி நேரம் எந்திரம் வேண்டும் என்றேன். தையல்காரி என்று நம்பவில்லை. ஒரு துண்டுத் தார்ப்பாயைக் கொடுத்துத் தைத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். எழுந்து இடம் கொடுத்தார்.

சேகரனையும் கூப்பிட்டு நிறுத்தி, நடந்ததைச் சொன்னேன். அவர் சேகரனின் கில்ட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். “தையல் நல்லாருக்கும்மா. ஆனா பெரியவர் கேட்டதும் நியாயந்தான். சர்ச்சுல பூசைக்குப் போறப்ப எங்களுக்கும் அதே பழக்கம். பங்குச் சாமியார் எதிர்ல வந்தா, நாம நினைக்கறதுக்கு முன்னாடி கை இறக்கி விட்ரும்.”

“அப்ப இறக்கி விடற மாதிரி தைச்சிடுறேன்” என்றேன்.

துணிக்கு எங்கே போவது? என் பைக்குள் சேகரனின் இன்னொரு கில்ட் இருந்தது. எடுத்து மேசையில் விரித்தேன். சேகரன் கத்திரியைப் பார்த்தார்.

“அதை வெட்டிட்டா மிச்சம் ஒண்ணுதான் வசந்தி.”

“ஒண்ணு போதும். துணிதான் வரப்போகுதே.”

நம்பித்தான் சொன்னேனா என்று கேட்காதீர்கள். வெட்டிவிட்டேன்.

அதை முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்கும் ஒரு அடுக்காகத் தைத்து, கீழ்க்கரையில் சேர்த்து, உள்பக்கமாக மடித்து மேலே கொக்கியில் மாட்டுவது என் திட்டம். சேகரன் கட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். உள்ளே மடிந்த துணி தொடையில் உரசியது. அந்தோணி ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார். “வெளியில மடிங்கம்மா. லுங்கி மாதிரி.”

வெளியே மடித்தேன். சரியாக இருந்தது. இரண்டு மணி நேரம் வியர்க்க வியர்க்கத் தைத்து நான் கண்டுபிடித்தது லுங்கி. பட்டனும் பையும் வைத்த லுங்கி. அந்தோணி சிரிப்பை அடக்கிக்கொண்டார், அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கொக்கிகள் மட்டும் ஒவ்வொன்றாக அவிழ்க்க நேரமெடுத்தன. பெரியவர் எதிரில் நிற்கும்போது இடுப்பைத் தடவிக்கொண்டிருக்க முடியுமா? அதற்கும் அந்தோணிதான் வழி சொன்னார். தார்ப்பாயில் அடிக்கிற பித்தளை வளையங்களைக் கரை நெடுக அடித்து, ஒரு கயிற்றைக் கோர்த்து, லாரிக்காரர்கள் போடுகிற முடிச்சைப் போட்டுக் கொடுத்தார். எத்தனை டன் பாரத்தையும் தாங்கும், நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்து விழும். சேகரன் இழுத்தார். துணி தபதபவென்று கணுக்காலுக்கு இறங்கியது. கொட்டகையில் இருந்த ஓட்டுநர்கள் கை தட்டினார்கள். மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி இழுத்தார். எட்டுத் தடவை இழுத்துப் பார்த்தார். “நாளைக்கு நானும் வரேன்” என்றார்.

மூன்றாம் நாள் மோகனூர். ஊர் நெருங்கும்போதே சர்க்கரை ஆலையிலிருந்து பாகு கருகிய வாசனை வந்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் பேருந்து ஊர்ந்தது. காவிரி அகலமாகக் கிடந்தது. கிள்ளான் ஆறு இதில் கால்வாசி இருக்குமா என்று சேகரனிடம் கேட்டேன். அவர் ஆற்றைப் பார்க்கவில்லை. கயிற்று நுனியைத் தடவிக்கொண்டிருந்தார்.

கரையோரம் சாமியானா போட்டிருந்தார்கள். குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டி அழுதுகொண்டிருந்தது. கிடாக்கறி கொதிக்கிற வாசனை. செல்வி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். சேகரனைப் பார்த்தாள். முந்தாநாளைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்குத் தெரியவில்லை. முகம் வாடிப்போனது. “பொறு” என்றேன்.

கருப்பண்ணன் வந்தார். கூடவே நான்கைந்து பெரியவர்கள். சேகரன் பையிலிருந்து கைகளை எடுத்தார். நேராக நின்றார். நுனியைப் பிடித்து இழுத்தார்.

இடது பக்கம் இறங்கியது. வலது பக்கம் இறங்கவில்லை. எங்கேயோ வளையத்தில் கயிறு சிக்கிக்கொண்டது. எட்டுத் தடவை ஒழுங்காக விழுந்த துணி, ஒன்பதாம் தடவை பாதியில் நின்றது. சேகரன் மறுபடி இழுத்தார். முடிச்சு இறுகியது. குனிந்தார், இரண்டு கையாலும் வளையத்தைத் திருகினார், காதெல்லாம் சிவந்துவிட்டது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. நான் ஓடிப்போய் அவிழ்த்துவிட நினைத்தேன். செல்வி என் கையை விடவில்லை. முடிந்தது, இனி இவர் எந்த வாசலையும் தாண்ட மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணைச் சுருக்கி, அந்த ஒரு கால் மூடிய, ஒரு கால் திறந்த கோலத்தைப் பார்த்தார். மெதுவாகக் குனிந்து சேகரனின் கையைப் பிடித்தார்.

“உடுங்க தம்பி. என்னதுங்க இது, கவுறெல்லாம்?”

“இறக்கி விடறதுக்குங்க ஐயா. முதல்ல தைச்சது முழங்கால் வரைக்குந்தான். உங்களுக்காக நேத்து சேர்த்தது.”

பெரியவர் துணியின் கரையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். மறுபடி தேய்த்தார்.

“இது நம்ம போர்வைங்களே. போர்வையவா கட்டியிருக்கறீங்க?”

சேகரன் நிமிர்ந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். கேட்கிறவர்களுக்கு எப்போதும் நான்தான் பதில் சொல்வேன், அன்றைக்கு அவர் சொன்னார். “பஸ் ஓட்டிக்கிட்டு இருந்தேங்க. ரேடியேட்டர் தண்ணி மேலே கொட்டிருச்சு. தொடை ரெண்டும் வெந்து போச்சு. வேற துணி பட்டா எரியுதுங்க. உங்க துணி மட்டும்தான் எரியல.”

கருப்பண்ணன் செல்வி பக்கம் திரும்பினார்.

“இதைய யாரு எறக்கச் சொன்னது?”

“நீங்கதானுங் மாமா.”

“நான் எங்க சொன்னேன்?” என்றார். பிறகு அவராகவே தலையை ஆட்டிக்கொண்டார். “பாவு பூட்டச் சொல்லு. இவிய ஊருக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னால ஓடோணும். கட்டம் இதே கட்டம், நூல் இதே நூல்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு நன்றி சொல்லப் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சேகரனின் இடது காலில் தொங்கிய துணியைத் தன் கையால் எடுத்து, மேலே மடித்து, வளையத்தில் செருகிவிட்டார்.

“எறக்குனது போதுமுங்க தம்பி. மடிச்சுக் கட்டுங்க. பந்திக்கு ஆள் பத்தல.”

சொல்லிவிட்டுக் குதிகாலால் தன் வேட்டிக் கரையை ஒரு தட்டுத் தட்டினார். கைக்கு வந்ததைத் தூக்கி முழங்காலுக்கு மடித்துக் கட்டினார். கூட இருந்த பெரியவர்களும் கட்டினார்கள். ஒரு குழம்பு வாளியை எடுத்துச் சேகரன் கையில் கொடுத்தார்.

என்னைப் பெண்கள் வரிசையில் உட்காரவைத்தார்கள். இலையில் சோறு, கறிக்குழம்பு, குடல் வறுவல். குழம்பில் எண்ணெய் ஒரு விரற்கடைக்கு மிதந்தது. மிளகு காதுக்கு ஏறியது. நாங்கள் வீட்டில் தேங்காய்ப்பால் ஊற்றி வைக்கிற கறி இதற்கு முன்னால் பாயசம்.

சாப்பிட்டுக்கொண்டே சேகரன் எங்கே என்று தேடினேன். பந்திக்கு நடுவில் இருபது ஆண்கள் வாளியும் கரண்டியுமாகக் குனிந்து நிமிர்ந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்ததெல்லாம் முழங்கால்கள்தான். வெள்ளை, நீலம், கட்டம், கோடு, எல்லாம் முழங்காலுக்கு மேல் மடிந்திருந்தன. பேரங்காடியிலும் சந்தையிலும் திருவிழாவிலும் எவ்வளவு கூட்டத்திலும் அவரை நான் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவேன். எல்லோரும் திரும்பிப் பார்க்கிற பக்கம் பார்த்தால் போதும், அங்கே இருப்பார். இங்கே யாரும் எந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்கவில்லை.

“இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா அம்மிணி?” என்று தலைக்கு மேல் ஒரு குரல் கேட்டது. “ஊத்துங்க” என்று இலையைக் காட்டினேன். குழம்பு விழுந்த பிறகுதான் அந்த நக்கல் காதில் ஏறி, நிமிர்ந்து பார்த்தேன். என் கணவர்.